விசிட்டிங் கார்டு விஷயமாக மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது

அன்புமிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சுகம். முழங்கால் மட்டும் இரண்டு பேருக்கும் முறை வைத்து வலிக்கிறது. அங்கே நீங்களும் மகளும் பேத்தியும் சுகமாக இருப்பதை ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டுத் தெரிந்துகொண்டோம். போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் "இல்ல மாமா" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தண்ணீர் இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் குழாய்க் கசிவு தேடிவிட்டு ஓய்வு பெற்றவன், சும்மா உட்காரப் பிடிக்காமல், வீடு வீடாகப் போய்ச் சுவருக்குள் எங்கே தண்ணீர் கசிகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும் தொழிலைத் தொடங்கினேன். நீங்கள் உங்கள் வீட்டுக் கீழறைக்குப் பெயின்ட் அடித்து, உங்கள் நண்பர் ஆபீஸில் வந்து போகிறவர்கள் பெயரை நோட்டில் எழுதும் வேலையும் எனக்காகப் பேசி வைத்து, "மூணு மாசம் பாருங்க மாமா, அதுக்குள்ள பத்து வேலை வரலன்னா எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டு இங்கயே வந்துடுங்க" என்றீர்கள். நானும் சரி என்று வாயைக் கொடுத்துவிட்டேன். உங்கள் அன்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் சுவரில் கம்பியை வைத்து, கம்பியில் காதை வைத்து, உள்ளே எங்கோ தண்ணீர் போகிற சத்தம் கேட்கும்போது எனக்கு வருகிற சந்தோஷம், நோட்டில் பெயர் எழுதினால் வராது மாப்பிள்ளை. இதை நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தது, இங்கே சொல்லிவிட்டேன்.

அப்புறம் அந்தக் க்யூஆர் விவகாரம். "காகிதக் கார்டெல்லாம் இப்ப யார் மாமா வாங்குறாங்க, இந்தப் படத்தைக் காட்டுங்க, அவங்க போன்ல பிடிச்சா உங்க விவரம் மொத்தமும் வந்துடும்" என்று என் போனில் கட்டம் கட்டமாக ஒரு படத்தைப் போட்டுக் கொடுத்தீர்கள். நம்பரை வாயால் சொல்லக் கூடாது, படத்தைக் காட்டினால்தான் கம்பெனி மாதிரி இருக்கும் என்றும் சொன்னீர்கள். சரி என்று, ஒரு வீட்டில் வேலை முடித்து வெளியே வந்தபோது அடுத்த வீட்டுத் தையல்கார அம்மா எட்டிப் பார்த்து, "எங்க சுவரும் ஊறுது, உங்க நம்பர் குடுங்க" என்று கேட்டதும் போனை எடுத்தேன். என் தொழிலில் கை எப்போதும் ஈரம். ஈரக் கையால் தடவினால் அந்தப் போன் அசைகிறதா என்றால் இல்லை. சட்டையில் துடைக்கலாம் என்றால் சட்டையும் ஈரம். அந்த அம்மாவே தன் முந்தானையால் துடைத்துக் கொடுத்தார்கள், நான் படத்தைத் தேடினேன், வந்தது உங்கள் மாமியாருடைய முழங்கால் எக்ஸ்ரே. அந்த அம்மா அதை வாங்கி நிதானமாகப் பார்த்து, "தேய்மானம்தான், எனக்கும் இதே இடம்" என்றார்கள். அரை மணி நேரம் முழங்காலைப் பற்றிப் பேசினோம், எந்த எண்ணெய் நல்லது என்று எழுதிக்கூட வாங்கிக்கொண்டேன், அதற்குள் போனில் சார்ஜ் போய்விட்டது. வீட்டுக்கு வந்து சொன்னால், "சுவர் சொல்றதை அவ்வளவு உன்னிப்பா கேக்குறீங்க, கார்டு அடிங்கன்னு நான் சொன்னதை மட்டும் கேக்கலையே" என்கிறார் உங்கள் மாமியார்.

ஆகவே உங்களிடம் சொல்லாமல் இரண்டு பேரும் அச்சகத்துக்குப் போய் ஐந்நூறு கார்டு அடித்து வாங்கினோம். அதை எடுத்துக்கொண்டு, சிறுதொழில் செய்கிறவர்கள் மாதம் ஒரு தரம் நூலக மாடியில் கூடுகிற கூட்டத்துக்குப் போனேன். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் கார்டு கொடுக்கிறார்கள் மாப்பிள்ளை. கரையான் மருந்து அடிக்கிறவர் கொடுத்தார், நாய்க்கு முடி வெட்டுகிற பெண் கொடுத்தாள், ஒரு பல் டாக்டர் தாராள மனசு, "தெரிஞ்சவங்களுக்கெல்லாம் குடுங்க" என்று ஒரு கத்தையே கொடுத்தார். நானும் கொடுத்தேன். எனக்கு உச்சி குளிர்ந்துபோனதில், வந்தது போனது எல்லாவற்றையும் ஒரே சட்டைப் பையில் செருகிவிட்டேன். மறுநாளிலிருந்து ஈரச் சுவர் கண்ணில் பட்ட வீட்டுக்கெல்லாம் ஏறி இறங்கி, பையில் கை விட்டு ஒன்றை உருவிக் கொடுத்துக்கொண்டே வந்தேன். மூக்குக் கண்ணாடி இல்லாமல் கொடுத்தால் கொஞ்சம் எடுப்பாக இருக்கும் என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

ஒன்பது நாள் போன் அடிக்கவில்லை. அடித்த ஒரு தடவையும் நீங்கள்தான். அதுவரை எனக்கு வந்திருந்தது மொத்தம் மூன்று வேலை. உங்கள் மாமியார் பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்ற ஆரம்பித்துவிட்டார். பத்தாம் நாள் காலையில் பல் டாக்டர் கூப்பிட்டார்.

"சார், சுவர்ல கசிவு பாக்குறவர் நீங்கதானே?"

"ஆமாங்க."

"ஒரு வாரமா எங்க ரிசப்ஷன்ல மொட்டை மாடி, பாத்ரூம், சமையலறைன்னு ஒரே புகார். ஒருத்தர் ஈரச் சுவரை போட்டோ எடுத்துட்டு வந்து நாற்காலியிலயே உக்காந்துட்டார். வந்ததுதான் வந்தார்னு ஆட்டம் கண்ட பல் ஒண்ணைப் பிடுங்கி அனுப்பினேன். எல்லார் கையிலயும் என் கார்டு. அப்புறம் அன்னிக்குக் கூட்டத்துல வாங்கின கார்டையெல்லாம் எடுத்துப் பரப்பிப் பார்த்தேன். சுவர் சம்பந்தமா ஒரே ஆள் நீங்கதான்."

திட்டு வாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ, "எட்டுப் பேர் விலாசமும் எழுதி வச்சிருக்கேன், வந்து வாங்கிக்கங்க. அப்படியே எங்க கூரையிலயும் ஒரு ஈரம் இருக்கு, பாத்துடுங்க" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது மாப்பிள்ளை. போனேன். அவருடைய நாற்காலியில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தேன், மாடிக்குப் போய்க் கம்பியை வைத்துக் கேட்டேன், கை கழுவும் தொட்டிக்குக் கீழே ஒரு இணைப்பு விட்டிருந்தது. அதைச் சரி பண்ணியாகிவிட்டது. ஆனால் கூரையில் இருந்த கறையை மட்டும் பெயின்ட் அடித்து மறைக்க வேண்டாம் என்று நானே கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். ஏனென்றால் அந்த நாற்காலியில் படுக்கிறவர்களுக்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கறையைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அரை மணி நேரம் பார்த்தால் யாருக்கும் தன் வீட்டுச் சுவர் ஞாபகம் வரும். வாய் மரத்துப்போய் எழுந்து வந்து, பேச முடியாமல், மேஜை மேலிருக்கும் என் கார்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். நாலு பேர் அப்படியே கூப்பிட்டுவிட்டார்கள். நேற்றோடு மொத்தம் பதினாறு வேலை, கெடுவுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

இந்தக் காலத்துக்குக் காகிதக் கார்டு ஆகுமா என்று கேட்டீர்கள். ஆகும். ஈரக் கையால் கொடுக்கலாம், சார்ஜ் போகாது, தப்பான ஆளிடம் போனால்கூட அவர் நல்லவராக இருந்தால் திரும்பி வந்து சேரும். ஆகவே கீழறையைப் பேத்தி படம் வரைய எடுத்துக்கொள்ளட்டும். நண்பரிடம் என் நன்றியைச் சொல்லிவிடுங்கள். பாத்திரங்கள் பேப்பரிலிருந்து வெளியே வந்துவிட்டன. இனி இந்த மாமா தன் தொழிலைத் தானே பார்த்துக்கொள்வான், எந்த விஷயத்துக்கும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டான் என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், உங்கள் வீட்டுச் சுவர் என்றும் காய்ந்திருக்க, நீண்ட காலம் நன்றாக வாழ வேண்டும். மகளைச் சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும். பேத்திக்கு எங்கள் முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மேல் பிரியமுள்ள மாமா

பின்குறிப்பு: பழைய கார்டு தீர்ந்துபோய், முந்தாநாள் நான் மட்டும் அச்சகத்துக்குப் போய் இரண்டாயிரம் அடித்து வாங்கி வந்தேன். இந்தக் கடிதத்தை மடிக்கிற நேரத்தில் உங்கள் மாமியார் புதுக் கார்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இது மாப்பிள்ளை நம்பராச்சே" என்கிறார். போன தடவை நம்பர் சொன்னது அவர். இந்தத் தடவை அச்சகத்தில் "நம்பர் சொல்லுங்க" என்றதும் நான் யோசிக்காமல் சொல்லியிருக்கிறேன். என் நம்பருக்கு நான் எப்போது போன் செய்தேன், அது எனக்குத் தெரிவதற்கு? எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உங்களுடையது ஒன்றுதான். நேற்றும் இன்றும் சேர்த்து நூற்றைம்பது கார்டு கொடுத்தாகிவிட்டது. யாராவது சுவர் ஊறுகிறது என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாமல் விலாசத்தை எழுதி வையுங்கள், தினம் சாயங்காலம் நானே போன் செய்து கேட்டுக்கொள்கிறேன்.