எல்லைப் பனையும் என் ஆயில் பெயிண்டும்

கோட்டையூர்,
வைகாசி 3.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி சத்தியமூர்த்தி அவர்களுக்கு, தேனம்மை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு என் முழங்கால் ஒன்றைத் தவிர அனைவரும் சௌக்கியம். அங்கு தாங்களும், மாப்பிள்ளையும், என் மகள் சிவரஞ்சனியும் சௌக்கியமாக இருக்கக் கொப்புடையம்மனை வேண்டுகிறேன்.

தங்கள் புது வீட்டு ஹால் சுவருக்கு என் கையாலேயே ஒரு வயல்வெளிப் படம் வரைந்து தருவேன் என்று கல்யாணப் பந்தியில் அத்தனை பேர் முன்னால் வாயை விட்டுவிட்டேன். கிரகப்பிரவேசத்துக்கு இன்னும் பத்தே நாள். கௌரவம் போய்விடக் கூடாதே என்று கேன்வாஸ், ஸ்டாண்டு, குடை சகிதம் டவுன் பஸ் ஏறி அமராவதிபுதூர்க் கண்மாய்க்கரையில் போய் உட்கார்ந்தேன். எதிரே இரண்டு வயல், நடுவில் வரப்பு, வரப்பில் ஒற்றைப் பனை. மரம் நட்டநடுவில் நின்றால் படம் எடுபடாது என்று இரண்டு விரற்கடை இடப்பக்கம் தள்ளி வரைந்தேன். வந்தது வினை.

இடப்பக்க வயல்காரர் பெத்தன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, நியாயமாப் போட்டிருக்கீக! மரம் எங்க வயல்லதான் நிக்குது" என்று மோர் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்து வலப்பக்க வயல்காரரான அவர் தம்பி முத்துவீரன் வந்தார். "என்ன ஆச்சி, எங்க மரத்தை அங்குட்டு நட்டுட்டீக?" அந்தப் பனைக்காக அண்ணனும் தம்பியும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லையாம், எனக்கு எப்படித் தெரியும்? ஆயில் பெயிண்ட் லேசில் காயாதல்லவா, கத்தியால் சுரண்டி மரத்தை வலப்பக்கம் நட்டேன். மறுநாள் பெத்தன் வந்தார், மரம் இடப்பக்கம் வந்தது. மத்தியானம் முத்துவீரன் வந்தார், வலப்பக்கம் போனது. மூன்றாம் நாள் இருவரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். நான் மெல்லக் குடையை மடக்கினேன்.

"மரம் எங்கடா நிக்குது? கண்ணு தெரியலையா?" என்றார் பெத்தன். ஆறு வருஷத்தில் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். "மரம் கெடக்கட்டும்ணே, மொதல்ல படத்தைப் பாரு. ஆச்சி எருமையில்ல வரைஞ்சிருக்காக!" சுரண்டிச் சுரண்டி என் பனை அப்படி ஆகியிருந்தது சம்பந்தி, மறைக்க என்ன இருக்கிறது. குனிந்து பார்த்த பெத்தன் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். பிறகு கயிறு கொண்டுவந்து அளந்தார்கள். மரம் சரியாக வரப்பின் நடுவில் நின்றது. நானும் நட்டநடுவிலேயே வரைந்து முடித்தேன். மூவருமாக உட்கார்ந்து நுங்கு தின்றோம். நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்து வெகுநாளாயிற்று.

படத்தை சிவரஞ்சனி வரும்போது கொடுத்தனுப்புகிறேன். இன்னும் ஈரம், யாரும் தொட வேண்டாம். விருந்தாளிகள் கேட்டால் அது பனைமரம்தான் என்று தாங்கள் உறுதியாகச் சொல்ல வேண்டும்.

புது வீட்டில் பால் பொங்கி, பேச்சும் சிரிப்புமாக எல்லோரும் நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தேனம்மை

பி.கு.: நேற்று இந்தக் கடிதத்தை ஒட்டப் போன நேரத்தில் அண்ணனும் தம்பியும் வந்துவிட்டார்கள். எல்லைக்கு இந்தப் படம்தான் அத்தாட்சியாம், ஊரைவிட்டுப் போகக் கூடாதாம். படத்தைத் தூக்கிக்கொண்டார்கள். யார் வீட்டில் மாட்டுவது என்று என் வாசலிலேயே சண்டை தொடங்கி, இருவரும் விட்டுக்கொடுக்காமல், படம் இப்போது அந்தப் பனைமரத்திலேயே தொங்குகிறது. தங்கள் சுவர் என்னை மன்னிக்கட்டும். கிரகப்பிரவேசம் முடிந்ததும் விருந்தாளிகளோடு ஒரு வேன் பிடித்து இங்கே வந்து பார்த்துவிட்டுப் போங்கள். மழைக்கு முன்னால் வந்தால் நல்லது.