நூற்றுப் பன்னிரண்டு

இயற்பியல் வாத்தியார் விரலை நீட்டினார், ஊசியைப் பார்த்தார், விரலை மடக்கிக்கொண்டார்.

'இன்றைய சர்க்கரை அளவைப் பதிவு செய்யுங்கள்' என்று கைபேசியில் ஆஸ்பத்திரிச் செயலி நச்சரித்தது. முந்தின நாள் பிரிவுபசார விழாவில் மூன்று துண்டு கேக் உள்ளே போயிருந்தது. குத்திப் பார்த்தால் மானம் போய்விடும். 112 என்று தட்டினார்.

'சபாஷ்!' என்று திரை கைதட்டியது.

ஆய்வுக்கூடத்தில் அளக்காமலே அளவு எழுதும் பிள்ளைகளுக்குத் தயவு தாட்சண்யமில்லாமல் சைபர் போடுகிற மனுஷர். காது மடல் சுட்டது. ஆனாலும் மறுநாள் 109, அதற்கு மறுநாள் 114. ஒரே எண்ணைப் போட்டால் சந்தேகம் வருமே!

மூன்றாம் வாரம் டாக்டர் எழுதினார்: 'பிரமாதம். ராத்திரி மாத்திரை இனி வேண்டாம்.'

மாத்திரையும் நின்றால் நிஜச் சர்க்கரை எங்கே போய் நிற்கும்? மாத்திரை திரும்பக் கிடைக்க ஒரே வழிதான். வகுப்பு இடைவேளையில் 310 என்று தட்டினார்.

இரண்டே நிமிடம். நர்ஸ் கூப்பிட்டுவிட்டாள்.

"சார், மயக்கம் வருதா? ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்மா! மூணு இல்ல, ஒண்ணு. நூத்திப் பத்து. விரல் தவறிடுச்சு."

அந்தச் செயலி அவர் மனைவிக்கும் தகவல் சொல்லும் என்பதை அவர் மறந்தே போயிருந்தார். காலுக்கொரு செருப்பாக மாட்டிக்கொண்டு அவள் ஆசிரியர் அறைக்குள் ஓடி வந்தாள்.

"ஏங்க! உங்களுக்கு என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. தப்பா தட்டிட்டேன்."

அவளுக்கு மூச்சு வந்தது. கூடியிருந்தவர்களிடம் பெருமை பொங்கச் சொன்னாள்: "ஒரு நாள் தவறாம குத்திப் பார்த்து எழுதுறாருங்க. இவரைப் பார்த்துதான் நானே சர்க்கரையை விட்டேன்."

பூமி பிளக்காதா என்றிருந்தது வாத்தியாருக்கு.

மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரியில் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கைப் பார்க்க ரத்தம் எடுத்தார்கள். முடிவு செயலியில் வந்திருந்தது. திறந்து பார்க்க அவருக்குத் தைரியமில்லை. அடுத்த வாரமே அழைப்பு வந்தது: 'முன்மாதிரி நோயாளிகள் கூட்டம். குடும்பத்துடன் வருக.'

கூடத்தில் நாற்பது நோயாளிகள். மனைவி முதல் வரிசையில். டாக்டர் மைக்கை வாத்தியாரிடம் நீட்டினார்.

"எப்படிச் சாதிச்சீங்கன்னு நீங்களே சொல்லுங்க."

மனைவியின் மலர்ந்த முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் தாங்கவில்லை.

"நான் ஒரு நாள்கூட குத்திப் பார்க்கல, டாக்டர். எல்லாம் என் கற்பனை. ரத்தம் வந்தா பயம். கேக்கை விடவும் மனசில்ல. உங்களை ஏமாத்திட்டேன். இவளையும் ஏமாத்திட்டேன்."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். எதிரே ஒருவர்கூட நிமிரவில்லை. தன் முகத்தில் விழிக்கவே கூசுகிறார்கள் போலும் என்று நினைத்தபோது அவர் கண் கலங்கிவிட்டது.

"நான் கிளம்புறேன். உண்மையா எழுதின இவங்க நடுவுல உட்கார எனக்கு அருகதை இல்ல."

வாசலில் வருகைப் பதிவேட்டோடு நின்ற நர்ஸ் வழிமறித்தாள்.

"உட்காருங்க சார். உண்மையா எழுதினவங்க யாரையும் நாங்க இன்னிக்குக் கூப்பிடவே இல்லையே!"