பேய்க்குக் கொடுத்த ஸ்வெட்டர்

அன்புள்ள கொழுந்தனார் அவர்களுக்கு,

உங்கள் அண்ணி எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். நீங்களும் என் ஓரகத்தியும் நல்லபடியாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இதைப் போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் உங்களுக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் "சரியா கேக்கலை அண்ணி" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் காகிதம்.

முதலில் சந்தோஷச் சேதி. உங்கள் அண்ணன் பேத்தி பெரிய ஆளாகிவிட்டாள். நூலகத்து மாடி ஹாலில் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் அவளுடைய பேச்சு. வாசல் கண்ணாடியில் அவள் படம் போட்ட நோட்டீஸ், அதற்குக் கீழே 'நாட்டார் கதை ஆய்வாளர்' என்று கொட்டை எழுத்து. என்ன ஆய்வு என்று கேட்டால், பேய்தான். ஊர் ஊராகப் போய்ப் பேய்க்கதை கேட்டு எழுதி டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறாள். பல் டாக்டரா, கண் டாக்டரா என்று பக்கத்து வீட்டம்மா கேட்டதற்கு, "பேய் டாக்டர்" என்று நிமிர்ந்து சொன்னேன். அதிலிருந்து அந்தம்மா என்னிடம் சர்க்கரை கேட்டு வருவதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் பேத்தி மைக்கைப் பிடித்துப் பேசினால் ரிட்டயரான அதிகாரிகள் எல்லாம் குறிப்பெடுக்கிறார்கள். பார்க்க உங்கள் அண்ணன் இல்லையே என்றுதான் அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். இப்போது அவரை நினைப்பது வேறு காரணத்துக்கு. அதைத்தான் எழுத வருகிறேன்.

முதல் வாரம் ரத்தக்காட்டேரி. ஏதோ ஒரு தேசத்தில் அது வராமலிருக்க வாசலில் தானியத்தை இறைத்து வைப்பார்களாம். காட்டேரி குனிந்து ஒன்றுவிடாமல் எண்ணி முடித்தால்தான் உள்ளே வருமாம், அதற்குள் விடிந்துவிடுமாம். பேய்க்கே இவ்வளவு பொறுப்பு இருக்கிறது, என் மகனைத் துவைத்த துணியை மடிக்கச் சொன்னால் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறான் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னேன், அவர் அதையும் குறிப்பெடுத்துக்கொண்டார். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது.

அடுத்த வாரம்தான் தலையில் இடி விழுந்தது. "வழியில் வண்டி ஏறும் பேய்" என்று தலைப்பு. மழை பெய்யும் அந்தி நேரம், பாலத்துப் பக்கம் ஒரு பெண் நனைந்துகொண்டு நிற்பாள், வண்டிக்காரன் இரக்கப்பட்டு ஏற்றிக்கொள்வான், அவள் குளிரில் நடுங்குவாள், தன் சட்டையையோ கோட்டையோ கழற்றிக் கொடுப்பான், கல்லறைத் தோட்டம் வந்ததும் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம் என்று பேத்தி சொல்லிக்கொண்டே போகிறாள், நான் நாற்காலி நுனிக்கே வந்துட்டேன். இது நம்ம கதையாச்சே! உங்க அண்ணன் ரொட்டிக் கம்பெனி வேனை ஓட்டிக்கிட்டு வந்தப்ப நடந்ததாச்சே! கல்யாணமான முதல் குளிருக்கு நான் பின்னிக் கொடுத்த நீல ஸ்வெட்டரை அந்தப் பேய்க்குத்தானே கழட்டிக் கொடுத்துட்டு, பல்லு தந்தி அடிக்க வீட்டுக்கு வந்தாரு! தாத்தா கதையைச் சொல்லப் போறா, பேரைச் சொல்லுவா, எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பாங்கன்னு முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். அவளானால், "இது யாருக்குமே நடந்ததில்லை, ஆனால் எல்லா நாட்டிலும் யாரோ ஒருவர் தனக்கு நடந்ததாகச் சொல்வார். வேண்டுமானால் உங்கள் வீட்டிலேயே விசாரியுங்கள்" என்கிறாள். ஹாலே சிரிக்கிறது.

நான் எழுந்துவிட்டேன்.

"பாட்டி, கேள்வி நேரம் கடைசியிலதான்" என்றாள் மைக்கிலேயே.

"என் கேள்வி அதுவரைக்கும் தாங்காதுடி. நடக்கவே இல்லைன்னா, அந்த ஸ்வெட்டர் எங்கடி போச்சு?"

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "திரும்பக் கிடைக்கலையா பாட்டி? எல்லாக் கதையிலயும் மறுநாள் அது கல்லறைக் கல் மேல கிடக்கும். கிடைக்காத கதையை நான் கேட்டதே இல்லை!" என்று கைதட்டாத குறை. என் வயிறு எரிவது அவளுக்கு ஆராய்ச்சி.

வீட்டுக்கு வந்ததிலிருந்து இதே யோசனை. அவர் யாரிடமோ கேட்ட கதையைச் சொல்லியிருந்தால் முடிவையும் சேர்த்துத்தானே சொல்லியிருப்பார்? ஸ்வெட்டர் திரும்பி வந்திருக்க வேண்டுமே. வரவில்லை என்றால் ஒன்று அவள் நிஜமான பேய், இல்லையென்றால் நிஜமான பொம்பளை. மகனிடம் சொன்னேன். "செத்துப்போன மனுஷன் மேல இந்த வயசுல சந்தேகமாம்மா?" என்று சிரிக்கிறான். சிரிக்கட்டும். பின்னினவளுக்குத்தானே தெரியும்.

கொழுந்தனாரே, அவர் பின்னாடியே அடுத்த வேனில் வந்தவர் நீங்கள். அவர் இந்தக் கதையை எடுத்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவீர்கள். பேய்க்குப் பயம் என்று நினைத்திருந்தேன். பேக்கிங் பிரிவில் ஒரு சுருட்டை முடிக்காரி இருந்தாளே, அவள் வீடு பாலத்துக்குப் பக்கத்தில்தானே? அந்த வருஷக் குளிரில் அவள் நீலக் கலரில் எதையாவது போட்டிருந்தாளா? மறைக்காமல் எழுதுங்கள். இத்தனை வருஷம் கழித்து நான் யாரிடம் போய்ச் சண்டை போடப் போகிறேன்? அவரிடம் போட முடியாது. அவளிடம் போட்டாலும் அவளுக்கும் இப்போது காது கேட்காது.

உங்களுக்கு நினைவிருக்கிறதா, கரண்ட் போனால் பிள்ளைகள் எல்லாம் அவர் மடியைச் சுற்றி உட்காரும். சட்டையில் ரொட்டி வாசனை அப்படியே இருக்கும். அந்தப் பெண் வண்டியில் ஏறும் இடத்தில் குரலைத் தாழ்த்துவார், அவள் மறையும் இடத்தில் மெழுகுவத்தியை ஊதி அணைப்பார். பிள்ளைகள் கத்தும், நானும் சேர்ந்து கத்துவேன். எத்தனை தடவை கேட்டாலும் கத்துவேன். அந்த இருட்டில் அவர் கை என் கையைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். மறுபடி வெளிச்சம் வந்ததும் ஒன்றும் நடக்காததுபோல, "பேய்க்குக் கூட நீ பின்னினதுதான் பிடிச்சிருக்கு பாரேன்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எத்தனை ஸ்வெட்டர் பின்னியிருக்கிறேன்! அது எனக்குச் சொன்ன வார்த்தையா, எவளையோ மூடிய போர்வையா? இது தெரியாமல் அவர் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

என் ஓரகத்தியை மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்லவும். உங்கள் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் என் ஆசிகள், சின்னதுகளுக்கு முத்தங்கள். நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும். பதில் எழுதிவிட்டு இருந்தால் ரொம்ப நல்லது.

இப்படிக்கு,
அண்ணி

பின்குறிப்பு: தபால்தலை வாங்க ஆளில்லாமல் இந்தக் கடிதம் மறு சனிக்கிழமை வரை இங்கேயே கிடந்துவிட்டது. அன்றைக்குப் பேத்தி என்னையே மேடையில் ஏற்றி, தாத்தா கதையைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு ஆள், "பெரியவர் அதை எந்த வீட்டுல விட்டுட்டு வந்தாரோ!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சந்தேகப்பட்டால் அது வேறு, கண்டவன் படலாமா? எனக்கு வந்ததே ஆத்திரம். "ஸ்வெட்டர் மறுநாளே கிடைச்சிருச்சு. என் கொழுந்தனார்தான் கண்ணால பார்த்தாரு. நான் பயப்படுவேன்னு அண்ணனும் தம்பியும் சேர்ந்து மறைச்சுட்டாங்க. போன வாரம்தான் அவரு எல்லாத்தையும் கடிதாசியில எழுதியிருந்தாரு" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். அப்படி ஒரு கைதட்டல். நீங்கள் எழுதாத அந்தக் கடிதத்துக்கு மிக்க நன்றி. ஆகையால் மேலே கேட்ட எதற்கும் பதில் வேண்டாம், சுருட்டை முடிக்காரி எந்தத் தெருவில் இருந்தால் எனக்கென்ன. பேத்தி டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு வரும் திங்கட்கிழமை உங்களைப் பார்க்க வருகிறாள். ஸ்வெட்டர் கல்லறைக் கல் மேல் மடித்து வைத்திருந்தது, பட்டன் எல்லாம் போட்டிருந்தது. அவ்வளவு மழையிலும் துளி ஈரமில்லை. அவள் குடைந்து குடைந்து கேட்பாள், இதில் ஒன்றையும் மாற்றிவிடாதீர்கள்.