அத்தை வந்தார், படம் வந்தது

நெட்வொர்க் வேலை பார்ப்பவன் கையில் மாமனார் வீட்டார் ஸ்குரூடிரைவரைக் கொடுக்கவே கூடாது. ஆபீசில் ஒரு வயரைப் பிடுங்க நாலு பேரிடம் அனுமதி வாங்க வேண்டும். மாமனார் வீட்டில் மாப்பிள்ளையைக் கேட்க ஆளில்லை. அறிவு தலைகால் தெரியாமல் ஆடும். என் அறிவு ஆடியது மாமனார் வீடு இருந்த கசார்வாடியில், கல்யாணமான புதிதில், எச்.டி. என்ற சொல்லையே எல்லோரும் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்த காலத்தில்.

என் மைத்துனன் கதிர் கடக்வாஸ்லாவில் ராணுவப் பயிற்சி முடித்து அணிவகுப்பில் நடந்தான். அவனைப் பெற்ற தாய், என் அத்தை, அதைப் பார்க்கவில்லை. அன்றைக்கென்று பார்த்து அத்தைக்கு மூட்டு மூட்டாகப் பிடித்துக்கொள்ளும் காய்ச்சல். "நீங்க போய் படம் புடிச்சாந்து காட்டுங்க மாப்பிள்ளை, அது போதும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நண்பனிடம் இரவல் வாங்கிய எச்.டி. கேமராவில் முழுசையும் பிடித்து வந்தேன்.

அத்தை எழுந்து நடமாடியதும், வந்த ஞாயிற்றுக்கிழமையே மாமா தன் பழைய ஃபேக்டரி நண்பர்களைக் குடும்பத்தோடு டிபனுக்கு அழைத்துவிட்டார். கேமராவை இரவல் கொடுத்த நண்பன் அன்று இரவு அதை வாங்கிக்கொண்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறுகிறான். அத்தை பார்ப்பதென்றால் அன்றே பார்த்தாக வேண்டும்.

கேமராவை ஹால் டிவியில் நேராகச் சொருகியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியமில்லை. ஆனால் ஹாலில் அத்தனை பேருக்கு இடம் கிடையாது, மாடியிலும் ஒரு டிவி இருந்தது, மூட்டு வலியோடு அத்தையால் அங்கே ஏற முடியாது. "ரெண்டுலயும் ஒரே நேரத்துல ஓட்டிடலாம் மாமா" என்றேன். படத்தை அனுப்ப மேலே ஒரு பெட்டி, அதை வாங்கி டிவியில் காட்டக் கீழே ஒரு பெட்டி, நடுவில் நெட்வொர்க் கேபிள். கேமரா மாடியில், என் பொறுப்பில் (கீழே வைத்தால் ஆளாளுக்குத் தொட்டுப் பார்ப்பார்களாம்).

"வயரைச் சுவரோரமா ஆணியடிச்சு இழுத்துடுங்களேன்" என்றார் மாமா. அசிங்கமாகத் தெரியும் என்று சொல்லி, சுவருக்குள் கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே நுழைத்தேன். இரண்டும் ஒரே பைப்பில் போகக் கூடாது என்று ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுப்பவனே நான்தான். முந்தின நாள் சோதித்தபோது கண்ணாடி மாதிரி தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. "எல்லாரும் உக்காருங்க, வடைக்கு அரைச்சுட்டு வந்துடறேன்" என்று அத்தை அடுப்படிக்குப் போனார். நான் மாடியில் பட்டனை அழுத்தினேன். மாடி டிவியில் பேண்டு வாசித்தது. கீழே மாமா குரல் கேட்டது.

"மாப்பிள்ளை, இங்க ஒண்ணும் வரலியே."

ஓடினேன். திரையில் பச்சைப் புள்ளிகள் பறந்தன, பிறகு இருட்டு. பெட்டியைத் தட்டினேன். படம் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மாடி ஏறுவதற்குள் மறுபடி போனது. ஒவ்வொரு தடவையும் மாடியில் படத்தை முதலிலிருந்து ஓடவிட்டு, இப்படியே ஏறி இறங்கினேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் பாட்டீல் காகா, நல்ல கனத்த சரீரம், உதவி செய்கிறேன் என்று பைப்பிலிருந்து தொங்கிய கேபிளைத் தலைக்கு மேலே தூக்கினார். பளிச்சென்று படம்.

"ஆலா, ஆலா" என்றார் மராத்தியில். வந்துவிட்டதாம்.

"ஹலூ நகா காகா, அசையாதீங்க" என்று கத்தினேன்.

பாவம் மனிதர், விருந்துக்கு வந்த இடத்தில் கையைத் தூக்கியபடி நின்றார். கதிரின் வரிசை வந்தது. கழுத்து தெரிந்தது. முகம் தெரிவதற்குள் இருட்டு.

"காகா, கொஞ்சம் இடது பக்கம்."

மீனா, என் மனைவி, படிக்கட்டில் வழி மறித்தாள். "ஏங்க, கேமராவக் கீழ எடுத்துட்டு வந்து மாட்டினா என்ன?"

"உனக்குப் புரியாது, நகரு" என்றேன். நன்றாகவே புரிந்துதான் கேட்டாள். எனக்குத்தான் மானப் பிரச்சினை.

கடைசியில் மாமாவே மாடிக்கு வந்தார். என் மேல் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பரவால்ல மாப்பிள்ளை. அவளுக்கு ஒரு வாட்டி புள்ள மூஞ்சக் காட்டிட்டா போதும். கீழ கொண்டாந்துடுங்க" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிடுங்குவதற்காக வயரில் கை வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கீழே ஒரே ஆரவாரம்.

இறங்கிப் பார்த்தேன். அத்தை கை நிறைய உளுந்து மாவோடு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் கதிர், மீசை முதற்கொண்டு தெளிவாக, சல்யூட் அடித்துக்கொண்டு போனான். மாவுக் கையால் துடைக்க முடியாமல் அத்தை தோள்பட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு படம் ஒரு தடவைகூடப் போகவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுப்படியில் கிரைண்டர் ஓடவில்லை. மாவை வழித்துத் தள்ள அத்தை நிறுத்தும்போதெல்லாம் படம் வந்திருக்கிறது, திரும்பப் போட்டதும் போயிருக்கிறது. நான் தட்டியதற்கும் காகா தூக்கியதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"கிரைண்டராலதான் மாமா. அதோட கரண்ட் வயர் பக்கத்துலயே நம்ம கேபிளும் போகுது" என்று விளக்கினேன்.

"சும்மா இருங்க மாப்பிள்ளை" என்றார் மாமா. "பெத்தவ வந்து உக்காரட்டும்னு புள்ள காத்துட்டு இருந்திருக்கான்." காகா கையைத் தடவியபடி தலையாட்டினார்.

வருஷக்கணக்காக விளக்கிவிட்டேன், படம்கூட வரைந்து காட்டினேன். ஒருவரும் நம்பத் தயாரில்லை. இன்றைக்கும் டிவி வயர் அதே பைப்பில் போகும் அந்த வீட்டில் படம் கொஞ்சம் மினுக்கினால் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. "அம்மா, வந்து டிவி முன்னாடி உக்காரு" என்று அடுப்படியைப் பார்த்துத்தான் குரல் கொடுக்கிறார்கள். எரிச்சல் என்னவென்றால், அவர் வந்து உட்கார்ந்ததும் படம் வந்துவிடுகிறது. ஓடுகிற கிரைண்டரை அணைக்காமல் அத்தை அடுப்படியை விட்டு நகரவே மாட்டார்.