தொட்டிக்கு அளவாக வெட்டிய செடி

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நான் நலம். உன் மகளும் பச்சைக் குழந்தையும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். உன் வீடும் நலம். வாசல் தொட்டியில் இருக்கும் பாக்ஸ் என்கிற அந்தப் புதர்ச்செடியைப் பற்றி அப்படிச் சொல்ல நா எழவில்லை. அதனால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன்.

மகளின் பிரசவத்துக்குப் புறப்பட்டபோது வீட்டுச் சாவியைக் கொடுத்து நீ என்ன சொன்னாய்? "தண்ணி மட்டும் ஊத்துங்கண்ணா. என் வீட்டுக்காரர் கையால வச்ச செடி, வேற எதையும் செஞ்சு வைக்காதீங்க." சொன்னாய், நான் மறுக்கவில்லை. ஆனால் தொட்டியின் அடித்துளை வழியாக வேர் எட்டிப் பார்த்ததம்மா. பத்தாத செருப்பில் காலைத் திணித்துக்கொண்டு நிற்கிற பிள்ளையைப் பார்ப்பது போல இருந்தது. தொட்டியை மாற்றி வைத்தால் நீ வந்து பூரித்துப் போவாய் என்று நினைத்தேன். காலமெல்லாம் தையல் கடையில் இருந்தவன் அல்லவா, டேப்பை எடுத்துப் பழைய தொட்டியை அளந்து, ஒரு நூல் ஏறாமல் இறங்காமல் அதே அளவில் புதுத் தொட்டி வாங்கி வந்தேன். பெரிதாக வாங்க வேண்டும் என்பதற்காகத்தானே மாற்றுகிறோம் என்று அப்போது உறைக்கவில்லை. செடியைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. சுத்தியலால் தட்டினேன், தொட்டி சுக்குநூறாகிவிட்டது. விடுபட்ட வேர் உப்பிக்கொண்டு புதியதில் இறங்கமாட்டேன் என்றது. கத்தரிக்கோலை எடுத்துச் சுற்றிலும் வெட்டி உள்ளே இறக்கினேன். முப்பது வருஷம் உடம்புக்குத் தகுந்த சட்டை தைத்தவன், சட்டைக்குத் தகுந்தபடி உடம்பை வெட்டிவிட்டேன்.

ஒரு பக்கம் இலை மஞ்சளானது. அதை வெட்டினேன். மறுபக்கம் தூக்கலாகத் தெரிந்தது. அதையும் வெட்டினேன். இப்படி மாறி மாறிச் சமன் செய்ததில், மாப்பிள்ளை ஞாயிறுதோறும் பந்து மாதிரி உருட்டி வைத்த செடி இப்போது பாதி தின்ற கொய்யாப்பழம் மாதிரி நிற்கிறது. துணியாக இருந்தால் ஒட்டாவது போட்டிருப்பேன். எதிர்வீட்டுக்காரர் நின்று பார்த்துவிட்டு, "அது உங்கள என்ன சார் பண்ணுச்சு?" என்று கேட்டார். கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை காலமான பிறகு நீ காலையில் எழுந்ததும் அந்தச் செடியிடம்தான் போய் நிற்பாய். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. என்னை மன்னித்துவிடு, அம்மா. கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். இனி உன் வாசலில் ஓர் இலையைத் தொட்டால் என்னை அண்ணன் என்று கூப்பிடாதே.

மகளுக்கும் பேரக்குழந்தைக்கும் என் ஆசிகள். திட்டுவதை நேரில் வந்து திட்டு, உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். செடி பிழைத்துவிட்டது! மொட்டைக் கிளையில் பச்சைப்பசேல் என்று ஒரே ஒரு தளிர். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு, கவலையே வேண்டாம். தளிர் மட்டும் ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு பார்க்க நன்றாக இல்லை. பீரோவைத் திறந்து, அதைச் சமன் செய்துவிட்டேன்.