மச்சானின் நான்கு விரல்கள்

என் மனைவியின் கூடப்பிறந்த ஒரே அண்ணனை நான் அழித்திருக்கிறேன். கத்தி, விஷம் எதுவும் தேவைப்படவில்லை. ஆள்காட்டி விரலால் செல்போனில் நாலு தேய்ப்பு. (பதறாதீர்கள். ஆள் இன்னும் ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி நடத்திக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருக்கிறார்.)

கொடைக்கானலில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதன் பிறகு ஓரிடத்தில் உட்கார முடியாத வியாதி வந்துவிட்டது. அதற்கு மருந்துபோலச் செல்போனில் வந்து சேர்ந்தது, படங்களைத் திருத்தும் ஒரு ஆப். மாதச் சந்தா இரண்டு டீ, ஒரு வடை விலைதான். மூடுபனியை விலக்கினேன். ஏரியை நீலமாக்கினேன். கரண்டுக் கம்பிகளை எடுத்தேன். பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகளையும் விடவில்லை. எதை எடுத்தாலும் அந்த இடத்தில் ஆப் தானாகவே ஒரு செடியை நட்டுவிடும். கை பரபரத்துக்கொண்டே இருந்தது.

மகள் ஜெனிட்டாவுக்கு நிச்சயமானது. சம்பந்தி திருச்சியில் கல்லூரிப் பேராசிரியர். கோட் போட்டு வந்திருந்தார். என் மச்சான் அந்தோணியோ விருந்துக்குக் காய்கறி ஏற்றிய வண்டியிலேயே மலையேறி வந்து, கைலியை மடித்துக் கட்டியபடி, தங்கச்சி மகள் தோளில் கைபோட்டுப் படத்துக்கு நின்றுவிட்டார். இரண்டு குடும்பமும் சேர்ந்து சிரித்த ஒரே படம் அது. கல்யாண மண்டப வாசலில் வைக்கும் பேனருக்கு அதையே எடுத்தேன். ஆனால் திருச்சிக்காரர்கள் அந்தக் கைலியைப் பார்ப்பார்களே என்று வெட்கப்பட்டேன். (இதை எழுதத்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.) நாலு தேய்ப்பு. மச்சான் நின்ற இடத்தில் ஹைட்ரேஞ்சா பூத்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை பேனரைக் கட்டி நிமிர்த்தினார்கள். அண்ணாந்து பார்த்தேன். ஜெனிட்டாவின் தோளில் நான்கு விரல்கள் இருந்தன. செல்போனில் சேலை மடிப்பாகத் தெரிந்தவை, பேனரில் ஒவ்வொன்றும் முருங்கைக்காய் நீளம். ஒன்றில் சிவப்புக்கல் மோதிரம் வேறு. விரல்களுக்குச் சொந்தக்காரரை மட்டும் காணோம்.

அதன் பிறகு நான் உட்காரவில்லை. ஏணி கேட்டேன், அது சர்ச்சுக்கு சீரியல் லைட் கட்டப் போயிருந்தது. அவிழ்க்கச் சொன்னால் மனைவி ஸ்டெல்லா ஏன் என்று கேட்பாள். மண்டப மாடியிலிருந்து பலூன்களை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். அவை காற்றில் நகர்ந்து போய்ச் சம்பந்தியின் முகத்தை மறைத்தன. மதியம் மூடுபனி இறங்கிப் பேனரையே விழுங்கியது. இத்தனை நாளும் படங்களிலிருந்து நான் விரட்டிய பனியிடம், இன்று மட்டும் போய்விடாதே என்று மன்றாடினேன். வாசலுக்கும் சமையல்கட்டுக்குமாக நடந்து செருப்பு அறுந்தது. மச்சானின் வண்டி வந்து நின்றபோது பனி விலகியது.

புது வேட்டி, புதுச் சட்டை. பின்னால் தாய்மாமன் சீர்த் தட்டுகள் இறங்கிக்கொண்டிருந்தன. அண்ணாந்து பார்த்தார். தன் மோதிரத்தைப் பார்த்தார். மறுபடி பேனரைப் பார்த்தார்.

“கை என்னுதுதான். மிச்ச ஆளு எங்கங்க மாப்பிள்ளை?”

செல்போன் கோளாறு என்று இழுத்தேன்.

“செல்லுக்கு என்னையத் தெரியாதுங்க. உங்களுக்குத் தெரியும்ல.”

குரல் உயரவில்லை. ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்பா அம்மா இல்லாத அவளுக்குப் பிறந்த வீடு என்றால் இந்த ஒரு ஆள்தான். அவர் திரும்ப வண்டியில் ஏறிவிட்டால் அதுவும் இல்லை.

அவர் ஏறவில்லை. சீர் செய்தார். பந்தியில் நின்று பரிமாறவும் செய்தார். மறுநாள் மேடையில் படமெடுக்கக் கூப்பிட்டபோதுதான் வரமாட்டேன் என்றார். ஜெனிட்டாவின் கண் கலங்கியதும் வந்தார். ஆனால் கேமராவில் விழாத ஓரத்தில் நின்று, கையை மட்டும் நீட்டி அவள் தோளில் வைத்தார்.

“கை போதும் தம்பி, எடுங்க,” என்றார் போட்டோக்காரரிடம், என் பக்கம் தலையை ஆட்டி. “எங்க மாப்பிள்ளைக்கு அம்புட்டுத்தான் வேணுமாம்.”

சம்பந்தி வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. கல்யாண ஆல்பத்தில் என் மச்சான் என்று இருப்பது அந்தக் கைதான்.

பரிகாரத்தையும் முதலில் அதே ஆப்பில்தான் தேடினேன். பழைய படமொன்றிலிருந்து அவரைக் கத்தரித்துக் கல்யாணப் படத்தில் ஒட்டினேன். காலில்லாமல், மணமக்களின் தலைக்கு மேல், விண்ணேற்றம் அடைகிறவர்போல நின்றார். அவசரப்பட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டும் விட்டேன். “இப்ப மேலயே அனுப்பிட்டீங்களா மாப்பிள்ளை” என்று பதில் வந்தது.

பிறகு இருப்புக் கொள்ளாமல் பஸ் பிடித்து ஒட்டன்சத்திரம் போனேன். மண்டியில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. லோடுமேன்கள் முன்னாலேயே சொன்னேன்: உங்கள் கைலியைப் பார்த்து வெட்கப்பட்டுத்தான் அழித்தேன், மன்னித்துவிடுங்கள். அவர் தக்காளிப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டியோடு நின்றிருந்தால் விட்டிருப்பீர்களா என்று கேட்டார். விட்டிருப்பேன் என்றேன். (பொய் சொல்லத் தெம்பில்லை.) ஒரு படம் எடுத்துக்கொள்ளவா என்றேன். கைலியோடு பெட்டிகள் நடுவே போய் நின்றார்.

அதை எதுவும் தொடாமல் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எங்கள் ஹாலில் மாட்டினேன். கிறிஸ்துமஸுக்கு வந்தவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“படம் நல்லாத்தான் கெடக்கு மாப்பிள்ளை,” என்றார். “இந்தத் தொப்பைய மட்டும் லேசாத் தேச்சு விட்டிருக்கலாம்ல?”

ஆப்பை எப்போதோ எடுத்துவிட்டேன் என்றால் அவர் நம்புவதில்லை. இப்போதும் எங்கள் குடும்பத்தில் யார் செல்போனைத் தூக்கினாலும், “ஆளு முழுசா விழுகுறேனா?” என்று என்னிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் சிரிக்கிறார்.