அடுப்படி அரசியின் கை

"உப்பு எப்பங்க போடணும்?"

சகுந்தலா கிசுகிசுத்ததும் வரதன் அவசரமாக அவள் வாயைப் பொத்தினான். வாசலில் டி.வி. வேன் வந்து நின்றாகிவிட்டது.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் வரதனுக்கு இரும்புக்கடை. மதியம் டிபன் கேரியரைத் திறந்தால் மீன் குழம்பு வாசனைக்கே நாலு பேர் கூடுவார்கள். "எல்லாம் வூட்டம்மா கைப்பக்குவம்பா. பொம்பள அடுப்படில நின்னாத்தான் அது வூடு" என்று ஒரு பிரசங்கம் வேறு வைப்பான். வாய்க்கு என்ன, வாடகையா? சகுந்தலா விடிந்ததும் பஸ் பிடித்துச் செங்கல்பட்டு ஆபீசுக்குப் போகிறவள். பதினோரு வருஷமாக ஆக்குவது, கழுவுவது, துவைப்பது எல்லாம் ஐயாதான். அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.

பக்கத்துக் கடை தனகோடி சும்மா இருந்தானா? போன மாசம் அவன் சம்சாரம் அம்சா 'அடுப்படி அரசி' நிகழ்ச்சியில் நண்டு வறுத்துக் காட்டினாள். அந்தப் பவுசில், "ஒன் வூட்டம்மாவும் டி.வி.ல வரட்டும் மச்சான்" என்று சகுந்தலா பெயரில் கார்டு போட்டுவிட்டான். இப்போது கடைத்தெருவையே திரட்டிவந்து சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டிருக்கிறான்.

"தெரிஞ்சுதுன்னா கடையப் பூட்டிட்டு ஊரை வுட்டே ஓடணும்டி!"

"ஆடிட்டரையே சமாளிச்சவ நான், இது இன்னா பெரிய விஷயம்? நீங்க இருமுங்க, போதும். ஒரு இருமல்னா உப்பு. ரெண்டுன்னா புளி."

டைரக்டர் கிரிதர் உள்ளே வந்ததும் வரதனை ஹாலில் உட்காரவைத்து, கையில் பேப்பரைத் திணித்தார். "நீங்க பசியோட காத்திருக்கிற புருஷன். வேற எதுவும் பண்ணாதீங்க சார்."

சகுந்தலாவுக்குப் பட்டுப்புடவை, தலை கொள்ளாத மல்லி, கை நிறையச் சிவப்புக் கண்ணாடி வளையல். மீன் குழம்பு வைக்க எந்த வீட்டில் பட்டுக் கட்டுகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். டி.வி.யில் கட்டுகிறார்கள்.

"இந்தக் கைப்பக்குவம் எப்படிம்மா வந்துச்சு?"

"ரத்தத்துலயே ஊறினது சார்" என்றாள் சகுந்தலா, கேமராவைப் பார்த்து ஜம்மென்று சிரித்தபடி.

சிரித்த கையோடு ஒரு பிடி காய்ந்த மிளகாயைக் கொதிக்கிற எண்ணெயில் போட்டாள். நெடி வீட்டைத் தூக்கியது. ஹாலில் வரதன் இருமினான். உப்புப் போட்டாள். கேமராமேன் இருமினார். மறுபடி உப்பு. ஜன்னலில் தனகோடி ரெண்டு தடவை இருமினான். புளித்தண்ணி. பிறகு மொத்தக் கடைத்தெருவும் இரும ஆரம்பித்தது. சகுந்தலா அசரவில்லை, உப்பு ஜாடியையே கவிழ்த்துவிட்டாள்.

கிரிதர் ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டுச் சிங்க்குக்கு ஓடினார். "என்னம்மா இது? இதுக்குக் கடல்லயே மொண்டு குடிக்கலாமே!"

"லைட்டு சூட்டுல கை தவறிடுச்சு சார்."

"சரி, முகம் நல்லா வந்திருக்கு. புதுசா ஒரு சட்டி வெச்சு, கையை மட்டும் எடுத்துக்கறேன். ஜன்னலைச் சாத்துங்கப்பா!"

கூட்டம் விலகியது. ஜன்னல் மூடியது.

"கை மட்டும்தானா சார்?" சகுந்தலா ஹால் பக்கம் திரும்பினாள். "என்னங்க, வாங்க."

"அடிப்பாவி!"

"வரீங்களா? இல்ல, அரசிக்குச் சமைக்கத் தெரியாதுன்னு ஜன்னலைத் திறந்து சொல்லட்டுமா?"

வந்தான். வேறு வழி? அவள் கழற்றிக் கொடுத்த வளையல் விரல் கணுவைத் தாண்டவில்லை. சோப்புப் போட்டான், எண்ணெய் தடவினான், கை சிவந்ததுதான் மிச்சம். கிரிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். வரதனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"சார், ஒங்க கால்ல வுழறேன். அந்தத் தனகோடிக்கு மட்டும் தெரிய வேணாம் சார். தெரிஞ்சா சிரிச்சே என்னைச் சாவடிச்சிடுவான்!"

மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த மேக்கப் அம்மா பூவாயி, பெட்டியைத் திறந்து அதே சிவப்பில் ஒரு கட்டு வளையலை எடுத்து நீட்டினாள்.

"சோப்ப வையி அண்ணாத்த. இது பெரிய சைஸு, ஆம்பள கைக்குன்னே கொண்டாறது. டஜன்ல ரெண்டு கொறையும், கண்டுக்காத. போன மாசம் நண்டு வறுக்கறப்போ ஒங்க தனகோடிதான் ஒடச்சிட்டாரு."